யாருடைய நாய்? காவல், உடைமை, கடி: சில வரலாற்றுக் குறிப்புகள்

1

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் போகிற சாலையின் இரு பக்கமும், தொழிற்சாலைச் சுவர்களுக்கு இடையில், வேலி போட்ட காலி மனைகள் கிடக்கின்றன. கிடங்குகள், வாடகை அறைகள், பாதி கட்டி நிறுத்திய கட்டடங்கள். இவற்றின் கேட்டுகளில் பரவலாகக் காணப்படும் பிரதி ஒன்று உண்டு: 'நாய்கள் ஜாக்கிரதை'. இரண்டே சொல். யாரும் இதை ஒரு பிரதியாக எடுத்து வாசிப்பதில்லை. நாம் வாசித்துப் பார்க்கலாம்.

இந்த வாக்கியத்தில் எழுவாய் இல்லை. யார் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்? தெருவில் நடந்து போகிறவர். நாயை வளர்க்கிறவர் இந்த வாக்கியத்துக்குள் எங்குமே இல்லை. நாய் இருக்கிறது, ஆபத்து இருக்கிறது, ஆபத்தைத் தவிர்க்க வேண்டிய பொறுப்பு நடந்து போகிறவருடையது. கடித்துவிட்டால், 'அதான் போர்டு போட்டிருக்கோமே' என்ற பதிலும் தயாராக இருக்கிறது. எச்சரிக்கையின் வடிவத்தில் எழுதப்பட்ட பொறுப்புத் துறப்பு இது.

சட்டம் இதற்கு நேர் எதிராகப் பேசுகிறது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 289ஆம் பிரிவு: தன் உடைமையிலுள்ள விலங்கினால் மனித உயிருக்கோ உடலுக்கோ நேரக்கூடிய ஆபத்தைத் தடுக்கத் தெரிந்தோ கவனக்குறைவாகவோ தவறுகிறவர் குற்றவாளி. ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவும் இதையேதான் சொல்கிறது. அபராதம் மட்டும் ஐயாயிரம் ஆகியிருக்கிறது. அதாவது ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவர் உடைமையாளர். சட்டத்தில் உடைமையாளர் தலையில் இருக்கிற ஜாக்கிரதை, கேட்டில் தொங்கும் பலகைக்கு வரும்போது வழிப்போக்கர் தலைக்கு மாறிவிடுகிறது. இந்த இடமாற்றம் எப்படி நடந்தது என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. 'உடைமை' என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது.

2

நாய் கடிப்பது எப்போதும் குற்றமாகப் பார்க்கப்பட்டதில்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்துபோன கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல் அது. அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்வெட்டு அதன் செயலைப் பதிவு செய்கிறது. நாய்க்குப் பெயர் உண்டு, கடித்ததற்குப் புகழ் உண்டு. கடிபட்டவர்களுக்குப் பெயர் இல்லை. அவர்கள் கள்ளர், அவ்வளவுதான். அவர்கள் தரப்பில் கல் நட்டிருந்தால் அதில் வேறு கதை இருந்திருக்கும். ஆநிரை கவர்வதும் மீட்பதும் இரண்டுமே வீரமாகக் கருதப்பட்ட ஒரு சமூகத்தில், நாயின் கடி 'காவல்' ஆவதும் 'கொடுமை' ஆவதும் கல்லை நடுகிறவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது.

இன்னொரு மரபும் கூடவே ஓடுகிறது. மனுவின் நூல், ஊருக்கு வெளியே வாழ விதிக்கப்பட்ட சண்டாளருக்கு நாயையும் கழுதையையும் சொத்தாக ஒதுக்கியது. ஒதுக்கப்பட்டவரை அடையாளப்படுத்தும் விலங்காக இங்கே நாய் ஆகிறது. பக்திப் பாடல்களில் அடியார் தன்னைத் தாழ்த்திச் சொல்ல 'நாயேன்' என்கிறாரே, அந்தத் தாழ்வுக்குப் பொருள் கிடைப்பது இந்தச் சமூக ஒழுங்கிலிருந்துதான். அதே சமயம் ஜமீன்களிலும் பாளையங்களிலும் வேட்டைக்கும் காவலுக்கும் நாய் வளர்ப்பது கௌரவத்தின் அடையாளம். சிப்பிப்பாறை, ராஜபாளையம், கோம்பை என்று ஊர்ப்பெயராலேயே நாய்கள் அறியப்பட்டன. ஆங்கிலேயர் ஒரு வகையைப் 'பாளையக்காரர் நாய்' என்றே எழுதிவைத்தார்கள். 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலையே வெளியிட்டது.

ஆக, ஒரே விலங்கு இரண்டு விதமாகக் கட்டமைக்கப்படுகிறது. மேலே இருப்பவரின் நாய் காவல். கீழே இருப்பவரின் நாய் தொல்லை. இதெல்லாம் பழங்கதை என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. 2010இல் மத்தியப் பிரதேசத்தின் மொரேனா மாவட்டத்தில், தலித் பெண் ஒருவர் ரொட்டி போட்டார் என்பதற்காக ஆதிக்க சாதிக்காரர் ஒருவரின் வளர்ப்பு நாய் 'தீட்டு'ப்பட்டதாக விரட்டப்பட்டது. அந்தப் பெண்ணுக்கு அபராதமும் விதித்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் ஹரியானாவின் மிர்ச்பூரில் தலித் குடியிருப்பு நாய் ஒன்று ஜாட் இளைஞர்களைப் பார்த்துக் குரைத்தது. அதில் தொடங்கிய தகராறு, வீடுகளைக் கொளுத்துவதில் முடிந்தது. முதியவர் ஒருவரும் மாற்றுத்திறனாளியான அவருடைய மகளும் எரிந்து செத்தார்கள். அந்த நாய் யாரையும் கடிக்கவில்லை. குரைத்தது மட்டும்தான். 'ஆபத்தான நாய்' எது என்று தீர்மானிப்பது அதன் பல் மட்டுமல்ல என்பதற்கு இதைவிடக் கொடூரமான சான்று தேவையில்லை.

3

உடைமையாளர் இல்லாத நாய் என்பது நகராட்சி நிர்வாகம் உண்டாக்கிய வகைப்பாடு. கிராமத்தில் 'இது யார் வீட்டு நாய்' என்று கேட்டால், 'நம்ம தெரு நாய்' என்று பதில் வரும். அது உடைமையும் இல்லை, உடைமையின்மையும் இல்லை. பல வீட்டுச் சோறு, ஒரு தெருக் காவல். கம்பெனி ஆட்சிக்கு இந்த இடைநிலை புரியவில்லை. பம்பாயில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வெயில் காலத்தில் தெருநாய்களைக் கொல்லும் உத்தரவு வந்துவிட்டது. கொன்றவருக்குத் தலைக்கு எட்டணா. காசு கிடைக்கிறதென்றால் வீட்டு நாய், தெரு நாய் என்று பார்ப்பார்களா? 1832 ஜூனில் பார்சிகளின் புனித நாளில் நாய் பிடிப்போர் இறங்கியபோது கலவரம் வெடித்தது. கடைகள் அடைக்கப்பட்டன, கோட்டைக்குப் போகிற சரக்கு நின்றது. நாய் தங்கள் சமயச் சடங்கில் இடம்பெற்ற உயிர் என்பது பார்சிகளின் நியாயம். அது உடைமை இல்லாத தொல்லை என்பது அரசின் நியாயம்.

சென்னையில் மாநகராட்சி நாய்களைப் பிடித்துக் கொல்லும் திட்டத்தை 1860இல் தொடங்கியதாக புளூ கிராஸ் அமைப்பினர் எழுதியிருக்கிறார்கள். அதே 1860தான் தண்டனைச் சட்டத்தின் 289ஆம் பிரிவுக்கும் ஆண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு நிர்வாக ஒழுங்கு தெரிகிறது: உடைமையாளர் இருந்தால் அவர்மீது வழக்கு, இல்லாவிட்டால் நாய்க்குச் சாவு. ஆனால் வழக்குப் போடுவதற்கு உடைமையை நிரூபிக்க வேண்டும். கொல்வதற்கு எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. கடித்த நாயை 'அது நம்ம நாய் இல்லீங்க' என்று சொல்லிவிட்டால் வளர்த்தவர் தப்பித்தார், நாய் செத்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடைமுறையில் இருந்தது இதுதான்.

மருத்துவத்தின் வரலாறும் இதே கோட்டில்தான் போகிறது. வெறிநாய்க்கடிக்கு ஊசி போட வேண்டுமானால் தென்னிந்தியாவிலிருந்து இமயமலை அடிவாரத்துக் கசௌலிக்கு ரயிலேற வேண்டியிருந்தது. 1902இல் ஓர் ஆங்கிலேயப் பெண் வெறிநோயில் இறந்த பிறகுதான் தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்ற குரல் வலுத்தது. 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. அதற்கு முன்னால் எத்தனை கூலிகள், எத்தனை குழந்தைகள் தண்ணீரைக் கண்டு நடுங்கிச் செத்தார்கள் என்பது நிலையம் கட்டக் காரணமாகவில்லை. பிறகு வந்தது செம்பிள் தடுப்பூசி. 'தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி' என்று நம் ஊர்களில் பயத்தோடு சொல்லப்பட்டது அதுதான். ஆட்டு மூளைத் திசுவிலிருந்து செய்தது. நரம்புப் பாதிப்பு வரும் அபாயம் உண்டு. உலகின் பல நாடுகள் கைவிட்ட பிறகும், 2004 இறுதிவரை இந்தியாவில் அது தயாரிக்கப்பட்டது. காசுள்ளவர் அதற்கு முன்பே வெளியில் நல்ல ஊசியை வாங்கிப் போட்டுக்கொண்டார். அரசு மருத்துவமனை வரிசையில் நின்றவருக்குத்தான் அந்தப் பதினாலும்.

கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம் என்று புளூ கிராஸ் 1964இல் முன்வைத்த யோசனையைச் சென்னை மாநகராட்சி ஏற்றுக்கொள்ள 1996 ஆகிவிட்டது. 2001இல் அது நாடு முழுமைக்கும் விதியானது. 2023இன் புதிய விதிகள் தெருநாயைச் 'சமூக விலங்கு' என்று பெயர் மாற்றின. நல்ல பெயர்தான். ஆனால் சமூகமே கலைக்கப்பட்ட இடத்தில் சமூக விலங்கின் கதி என்ன? இதற்குப் பிறகு வருவோம்.

4

இன்னொரு பக்கம் இறக்குமதி இனங்களின் கதை. நம்மிடம் இன்றும் 'அல்சேஷன்' என்ற பெயர் புழங்குகிறது. முதல் உலகப் போர்க்காலத்தில் 'ஜெர்மன்' என்ற சொல்லே ஆகாது என்று பிரிட்டன் ஜெர்மன் ஷெப்பர்டுக்குச் சூட்டிய பெயர் அது. போர் முடிந்து நூறாண்டு கழிந்தும் நம் பேச்சிலிருந்து போகவில்லை. டாபர்மேனை உருவாக்கியவர் ஜெர்மனியின் அபோல்டா ஊரைச் சேர்ந்த வரி வசூலிப்பாளர். வசூலுக்குப் போகிற இடங்களில் தனக்குப் பாதுகாப்பாக இருக்கும் நாய் அவருக்குத் தேவைப்பட்டது. ராட்வைலர், ராட்வைல் ஊர்க் கசாப்புக்காரர்களின் வண்டியிழுத்த, பணப்பை காத்த நாய். இந்த இனங்களின் பிறப்பிலேயே பணத்துக்கும் அதைக் காப்பதற்கும் இடமுண்டு. நம்மூரில் பங்களாவும் கிடங்கும் பெருகியபோது இவையும் பெருகியதில் வியப்பில்லை.

கடிகள் செய்தியானபோது அரசு கையில் எடுத்தது இனத்தடை. முன்மாதிரி பிரிட்டனின் 1991ஆம் ஆண்டு ஆபத்தான நாய்கள் சட்டம். பிட்புல் உள்ளிட்ட நான்கு வகைகளை அது தடை செய்தது. கடிகள் நிற்கவில்லை. பட்டியலில் இல்லாத எக்ஸ்எல் புல்லி என்ற புதிய வகை பெருகியது. 2023இல் அதையும் பட்டியலில் சேர்த்தார்கள். இந்தியாவில் 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் எடுத்த முடிவு என்று கர்நாடக, தில்லி உயர் நீதிமன்றங்கள் ஏப்ரலில் அதை ரத்து செய்தன.

அடுத்த மாதமே சென்னை ஆயிரம் விளக்கில், மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் குதறின. தடுக்கப் போன தாயும் கடிபட்டார். தமிழ்நாடு கால்நடைத் துறை 23 இனங்களுக்குத் தடை என்று அறிவித்து, உடனே திரும்பப் பெற்றது. 2025 ஆகஸ்டில் ஜாஃபர்கான்பேட்டையில் பக்கத்து வீட்டுப் பிட்புல் கடித்து, ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் இறந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை மாநகராட்சி பிட்புல், ராட்வைலர் இரண்டுக்கும் புதிய உரிமம் தருவதில்லை என்று தீர்மானம் போட்டது.

இனத்தடைச் சிந்தனைக்கு ஒரு பழைய உறவு உண்டு. 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், சில சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று பட்டியலிட்டது. 1911இன் சட்டம் அதைச் சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தது. பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச்சூடு நடந்தது அதனால்தான். மனிதர்களை நாய்களோடு ஒப்பிடுவதாக யாரும் இதைத் திரித்துக்கொள்ள வேண்டாம். நான் ஒப்பிடுவது சட்டத்தின் மூளையை. நடந்த செயலையும் அதைச் சாத்தியமாக்கிய சூழலையும் விசாரிப்பதற்குப் பதில், பட்டியல் போட்டு முடித்துக்கொள்ளும் சோம்பேறித்தனம் இரண்டிலும் ஒன்றே.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அதைத் தள்ளிவிட முடியாது. கீழே கிடக்கும் குழந்தைக்கு ராட்வைலரின் தாடையும் பொமரேனியனின் தாடையும் ஒன்றல்ல. பெரிய நாய் கடித்தால் காயம் பெரிது. எனவே பெரிய நாய்க்குக் கழுத்துக் கயிறும் வாய்மூடியும் உரிமமும் கட்டாயம் என்பது சரியே. ஆனால் கயிறைப் பிடிக்க வேண்டிய கையைப் பற்றிப் பேசாமல் தாடையை மட்டும் பேசுவது, 'நாய்கள் ஜாக்கிரதை' பலகையின் மொழியைத்தான் அரசாணையாக மாற்றுகிறது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஆயிரம் விளக்கில் கடிபட்ட சிறுமி யார்? பூங்காவைக் காத்துக்கொண்டு அங்கேயே குடியிருந்த காவலாளியின் மகள். காவல் நாய்கள் காவல்காரரின் குழந்தையைக் கடித்தன.

5

இப்போது ஒரகடத்துக்கு வருவோம். 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கால் வைத்ததிலிருந்து இந்தப் பகுதி மாறத் தொடங்கியது. 2006இல் நோக்கியா வந்தது, 2014இல் மூடிவிட்டுப் போனது. 2010இல் ரெனோ-நிசான், 2012இல் டைம்லர். சிப்காட் ஒரகடம், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் என்று பரவியது. ஏரிப் பாசன வயல்களும் மேய்ச்சல் நிலமும் மனைகளும் ஷெட்டுகளும் ஆயின. நிலம் போனபோது மாடு போனது, ஆட்டுப்பட்டி போனது. பட்டியைக் காத்த நாயை யாரும் விலைக்குக் கேட்கவில்லை. அதற்கு இழப்பீட்டுப் பட்டியலிலும் இடமில்லை. வேலை போன நாய் தெருவுக்கு வந்தது.

இரண்டாவது வகை, மனைக்காவல் நாய். மனையின் சொந்தக்காரர் சென்னையிலோ துபாயிலோ இருக்கிறார். மனையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஏஜென்சி. ஏஜென்சி அனுப்பிய ஒரு வாட்ச்மேன். வாட்ச்மேன் சோறு போடுகிற இரண்டு நாய்கள். பகலில் கட்டியிருக்கும், ராத்திரியில் அவிழ்த்துவிடுவார்கள். வேலி பல இடங்களில் பிய்ந்திருக்கும். மூன்றாவது வகை, நகரத்து அடுக்குமாடியில் அலுத்துப்போய், காரில் ஏற்றி வந்து நெடுஞ்சாலையில் இறக்கிவிடப்பட்ட 'ஜாதி நாய்'. வாங்கும்போது பத்திரம், சான்றிதழ் எல்லாம் உண்டு. கைவிடும்போது ஒரு கையெழுத்தும் கிடையாது.

இந்த மூன்றில் எது கடித்தாலும் 289இன் கேள்வி வரும்: யாருடைய உடைமை? இங்கேதான் ஒப்பந்த முறையின் தர்க்கம் வேலை செய்கிறது. தொழிலாளர் இயக்கத்தில் இருப்பவர்களுக்கு இது பழகிய கதை. லைனில் நிற்பவர் கம்பெனிக்காக வேலை செய்கிறார், ஆனால் கம்பெனியின் ஆள் இல்லை. காண்டிராக்டரின் ஆள். காண்டிராக்டரைக் கேட்டால் சப்-காண்டிராக்டரைக் காட்டுவார். 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 'முதன்மை வேலையளிப்பவர்' என்ற கருத்தை வைத்தது இதை மடக்கத்தான்: காண்டிராக்டர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் தர வேண்டும். நாய் விஷயத்தில் அப்படி ஒரு முதன்மை உடைமையாளர் கிடையாது. மனைக்காரர் ஏஜென்சியைக் காட்டுவார், ஏஜென்சி வாட்ச்மேனைக் காட்டும். கடைசியில் சோறு போட்ட கைதான் 'உடைமையாளர்' ஆகும். மாதச் சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தில் சமைத்ததில் ஒரு பிடி போட்ட மனிதர்மீது வழக்கு. காவலின் பலன் மேலே ஏறுகிறது, கடியின் பொறுப்பு கீழே இறங்குகிறது.

கடிபடுவது யார்? செகண்ட் ஷிஃப்ட் முடிந்து ராத்திரி கம்பெனி பஸ் மெயின்ரோட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து அறைக்கு இருட்டில் நடை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த பையன்கள், தென் மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கும் பெண்கள். நாய் அந்நியரைப் பார்த்துக் குரைக்கும். இந்த மண்ணில் இன்று அந்நியர் என்பது தொழிலாளர்தான். 'நாய்கள் ஜாக்கிரதை' என்று தமிழில் எழுதியிருப்பதை ஒடியா மட்டும் படிக்கத் தெரிந்தவர் எப்படி வாசிப்பார்? ஆறு மாதத்துக்கு ஒரு முறை அறை மாறுகிறவருக்கு எந்தத் தெரு நாய் 'சமூக விலங்கு' ஆகும்? தெருவுக்கும் நாய்க்கும் இருந்த பழைய ஒப்பந்தம் முகம் தெரிவதில் நின்றது. இங்கே முகம் தெரிவதற்குள் காண்டிராக்ட் முடிந்துவிடுகிறது.

கடிபட்ட பிறகு கதை இன்னும் உண்டு. உடனே காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வேண்டும். ஊசி முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், 28ஆம் நாள். ஆழமான காயம் என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசிக்குக் காசில்லை. ஆனால் ஒவ்வொரு ஊசிக்கும் அரை நாளோ ஒரு நாளோ லீவு. வராத நாளுக்குச் சம்பளம் இல்லாதவர் மூன்றாவது ஊசியை விடுவார், நான்காவதை மறப்பார். வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. 2024இல் தமிழ்நாட்டில் பதிவான நாய்க்கடிகள் ஏறத்தாழ 4.8 லட்சம், இந்தியா முழுவதும் 37 லட்சத்துக்கு மேல். இந்த எண்களுக்குள் ஷிஃப்ட் நேரமும் லீவு வெட்டும் இல்லை.

6

2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தில்லித் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. 22ஆம் தேதி அதையே திருத்தி, வெறிபிடித்தவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைக் கருத்தடைக்குப் பின் விட்டுவிடச் சொன்னது. நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து அகற்றச் சொன்னது. அந்த மாதங்களில் நாடே இரண்டு கட்சியாக நின்றது: நாய் நேசர்கள், நாய் வெறுப்பாளர்கள். இரண்டு கட்சியும் பேசியது தெருநாயை வைத்துத்தான். அவிழ்த்துவிடுகிறவர், கைவிடுகிறவர், காவலுக்கு வைத்துவிட்டுக் கண்டுகொள்ளாதவர் ஆகியோர் இரு தரப்பின் பேச்சிலும் ஓரத்தில்தான் இருந்தார்கள். உரிமமும் மைக்ரோசிப்பும் சென்னைக்குள் கட்டாயமாகின. சென்னையின் எல்லை தாண்டி, சிப்காட் ஊராட்சிகளில் அவற்றைப் பற்றிய பேச்சே காதில் விழுவதில்லை.

இயக்கத் தோழர்கள் இதைச் சில்லறை விஷயமாக நினைக்கக்கூடும். கூலிக்கும் சங்க உரிமைக்கும் போராடும்போது நாயைப் பற்றிப் பேசுவதா? 2024இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தது சங்கத்தை அங்கீகரிக்கச் சொல்லி. அது பெரிய கேள்விதான், மறுக்கவில்லை. ஆனால் தொழிலாளரின் உடல் தொழிற்சாலைக் கேட்டோடு முடிந்துவிடுவதில்லை. கேட்டுக்கும் அறைக்கும் இடையிலான இருட்டும் உற்பத்தியின் பகுதிதான். ஈஎஸ்ஐ சட்டத்தில் 2010இல் சேர்க்கப்பட்ட 51-இ பிரிவு இதைச் சட்டமாகவே ஒப்புக்கொண்டது: வேலைக்கு வரும்போதும் போகும்போதும் நேரும் விபத்து, நேரமும் இடமும் சூழலும் வேலையோடு பொருந்தினால், வேலையில் நேர்ந்த விபத்தாகவே கருதப்படும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் இந்தக் கருத்தை எடுத்துக்கொண்டது. ஷிஃப்ட் முடிந்து போகிற வழியில் நாய் கடித்தால் அது வேலை விபத்து என்று வாதாட இங்கே இடமிருக்கிறது. வாதாட வேண்டும்.

கேட்க வேண்டியவை சிறியவைதான். மனைப் பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவரே அந்த மனைக் காவல் நாயின் முதன்மை உடைமையாளர் என்று ஊராட்சி பதிவேட்டில் எழுத வேண்டும். நாய்க்குத் தடுப்பூசி போடும் செலவு அவருடையது, வாட்ச்மேனுடையது அல்ல. கம்பெனி பஸ் குடியிருப்பு வரை வர வேண்டும், தெருவிளக்கு எரிய வேண்டும். நான்கு ஊசிக்கும் சம்பளத்தோடு லீவு என்பது கோரிக்கைப் பட்டியலில் ஒரு வரியாக ஏற வேண்டும். கருத்தடையும் தடுப்பூசியும் மாநகராட்சி எல்லையோடு நின்றுவிடாமல், சிப்காட்டில் நிலம் பெற்ற நிறுவனங்களின் செலவில் ஊராட்சிகளுக்கும் வர வேண்டும். அடுத்த கூலிப் பேச்சுவார்த்தைக்குக் கோரிக்கை எழுதும் தோழர்கள் இவற்றில் முதலில் எதைச் சேர்க்கலாம் என்று தெரிந்துகொள்ள, செகண்ட் ஷிஃப்ட் முடிந்து நடந்து போகிறவர்களைக் கேட்டாலே போதும்.